கையேட்டை மூன்று தடவை படித்தும் ஓட்டுநர் எழுத்துத் தேர்வில் தோற்பது ஏன்? இரண்டு வாரத்தில் எப்படித் தயாராவது?

கேள்வி சுருக்கமாக இதுதான்: "சாலை விதிக் கையேட்டை மூன்று தடவை முழுசாகப் படித்தேன். ஆப்பில் மாதிரித் தேர்வு எழுதினால் 95-க்குக் கீழே போவதே இல்லை. ஆனால் நிஜத் தேர்வில் நாலு மார்க்கில் கோட்டை விட்டேன். இரண்டு வாரத்தில் மறுபடி எழுத வேண்டும். இந்தத் தடவை எப்படிப் படிப்பது?"

பாதிப் பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. மூன்று தடவை படித்தேன் என்கிறீர்கள். புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எத்தனை தடவை உங்களையே கேட்டுப் பார்த்தீர்கள் என்று சொல்லவில்லை. ஓட்டுநர் வகுப்பில் பல வருடமாகத் தியரி எடுக்கிறேன். தோற்றுவிட்டு வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கையேட்டைப் படிக்காதவர்கள் அல்ல, படித்தவர்கள்தான். மஞ்சள் மார்க்கரால் பக்கம் பக்கமாகக் கோடு போட்டிருப்பார்கள். "பக்கத்தில் பள்ளிக்கூடம் இருக்கும் சாலையில் என்னென்ன செய்யக் கூடாது, சொல்லுங்கள்" என்றால் இரண்டு சொல்வார்கள், மூன்றாவதுக்குக் கூரையைப் பார்ப்பார்கள்.

இது உங்கள் மூளையின் கோளாறு இல்லை. ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிகி என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். அதன்பின் ஒரு முறையில் அதையே இன்னொரு தடவை படிக்க வைத்தார்கள். மற்ற முறையில் தாளை வாங்கி வைத்துக்கொண்டு, நினைவில் இருப்பதை எழுதச் சொன்னார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தது 81 சதவீதம் நினைவில் இருந்தது, எழுதிப் பார்த்தது 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது கதை தலைகீழ். மறுபடி படித்தது 42-க்கு இறங்கிவிட்டது, எழுதிப் பார்த்தது 56-இல் நின்றது. மறுபடி படித்தால் அந்த நேரத்துக்குத் தெளிவாகத் தெரிந்ததுபோல் இருக்கும். நீங்கள் படித்த ஐந்தாவது நிமிடத்தில் தேர்வு வருவதில்லையே.

சரி, மாதிரித் தேர்வும் எழுதத்தானே செய்தேன், அது எப்படி உதவாமல் போனது என்று கேட்பீர்கள். இங்கேதான் ஆப் ஏமாற்றுகிறது. அதில் முன்னூறோ நானூறோ கேள்விகள்தான் இருக்கும். நான்காவது நாளிலிருந்து கேள்விகள் திரும்ப வர ஆரம்பிக்கும். மழையில் நனைந்த லாரிப் படம் கண்ணில் பட்டதுமே விரல் மூன்றாவது விடைக்குப் போய்விடும். கேள்வியை நீங்கள் படிக்கவே இல்லை. படத்தை அடையாளம் கண்டுகொண்டீர்கள், அவ்வளவுதான். முகத்தைப் பார்த்தால் தெரிந்தவர் என்று சொல்வது வேறு, பெயரை நினைவிலிருந்து எடுத்துச் சொல்வது வேறு. பிரிட்டனில் உண்மையான தேர்வுக் கேள்விகளையே முன்பு புத்தகமாக வெளியிட்டு வந்தார்கள். ஆட்கள் விதியை விட்டுவிட்டு விடையை மனப்பாடம் செய்கிறார்கள் என்று 2012 ஜனவரியிலிருந்து அதை நிறுத்திவிட்டார்கள். அதனால் "ஆப்பில் 95" என்பது அந்த ஆப்பில் நீங்கள் வாங்கும் மார்க். அதற்குமேல் அதில் அர்த்தம் தேடாதீர்கள்.

ஆப்பைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. பயன்படுத்தும் விதத்தை மாற்றுங்கள். கேள்வி வந்ததும் விடைகள் இருக்கும் பாதித் திரையை உள்ளங்கையால் மூடுங்கள். கேள்வியை மட்டும் படியுங்கள். விடையை உங்கள் சொந்த வார்த்தையில் வாய்விட்டுச் சொல்லுங்கள். கூடவே "ஏனென்றால்" என்று தொடங்கி ஒரு காரணம் சொல்லுங்கள். அப்புறம் கையை எடுங்கள். நீங்கள் சொன்னது சரியான விடையோடு ஒத்துப்போனால் மட்டுமே சரி என்று கணக்கு. காரணம் சொல்ல வரவில்லை என்றால், விடை சரியாக இருந்தாலும் தவறு என்றே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் இப்படிச் செய்தால் உங்கள் 95 சட்டென்று 70-க்கு வரும். மனம் விடாதீர்கள், அந்த 70-தான் நிஜம். தேர்வு அறையில் உங்களோடு உட்காரப் போவதும் அதுதான்.

இரண்டாவது வேலை, ஒரு தவறு நோட்டு. நாற்பது பக்க நோட்டு போதும். தவறிய கேள்விகளை அப்படியே எழுதி வைப்பதில் பயனில்லை, எதனால் தவறியது என்பதைத்தான் எழுத வேண்டும். என்னிடம் படித்த ஒருவரின் நோட்டில் ஒரு பக்கம் இப்படி இருந்தது:

"எதிரே வாகனம் வரும்போது ஹை பீம் – தெரியும், ஆனால் 'எப்போது அணைக்கத் தேவையில்லை' என்று கேட்டதைக் கவனிக்கவில்லை."

"நீல வட்டத்தில் 30 – அதிகபட்ச வேகம் என்று போட்டேன். குறைந்தபட்சம்! சிவப்பு வளையத்தோடு குழப்பிக்கொண்டேன்."

"ஈரச் சாலையில் இடைவெளி – தெரியவே தெரியாது. பாடத்தையே தாண்டிப் போயிருக்கிறேன்."

மூன்றும் தவறுதான், ஆனால் மூன்றுக்கும் மருந்து வேறு. மூன்றாவதற்கு மட்டும்தான் கையேட்டைத் திறக்க வேண்டும். இரண்டாவதற்கு இரண்டு பலகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பார்க்க வேண்டும். முதலாவதற்குப் படிப்பே தேவையில்லை, கேள்வியை மெதுவாகப் படிக்கும் பழக்கம் வேண்டும். ஒரு வாரம் இப்படி எழுதினால் உங்கள் வியாதி எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் ஒன்றுதான் திரும்பத் திரும்ப வரும். எனக்கு முதல் வகைதான். நான் முதல் தடவை தோற்றதே அதனால்தான். "பின்வருவனவற்றுள் எதைத் தவிர" என்று கேட்டிருந்ததில் "தவிர" என் கண்ணுக்கே தெரியவில்லை. ஒரு கேள்வியில் அல்ல, இரண்டில். இன்று நாலு பேருக்குப் பாடம் எடுக்கிறவன் அன்று இரண்டு "தவிர"வில் வீட்டுக்குத் திரும்பினேன்.

இனி பாடத்துக்கு வருவோம். பலகைகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யாதீர்கள், அவற்றுக்கு ஓர் இலக்கணம் இருக்கிறது. 1968-இல் வியன்னாவில் சாலைப் பலகைகளுக்கான பன்னாட்டு ஒப்பந்தம் ஒன்று உருவானது. அதில் சேராத நாடுகள் பலவற்றிலும் ஏறக்குறைய அதே பாணிதான். வட்டம் என்றால் கட்டளை. முக்கோணம் என்றால் எச்சரிக்கை. செவ்வகம் என்றால் தகவல். வட்டத்துக்குச் சிவப்பு வளையம் இருந்தால் "செய்யாதே", வட்டம் முழுக்க நீலமாக இருந்தால் "இதைச் செய்". இந்த நாலு வரியை வைத்துக்கொண்டு இதுவரை பார்க்காத பலகையையும் பாதி படித்துவிடலாம். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, ஜப்பான் போன்ற நாடுகளில் எச்சரிக்கைப் பலகை முக்கோணம் அல்ல, ஒரு முனையில் நிற்கும் மஞ்சள் சதுரம். உங்கள் தேர்வு எந்த முறை என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இலக்கணத்தை மீறுகிறவை இரண்டு. எண்கோணத்தில் "நில்", தலைகீழ் முக்கோணத்தில் "வழிவிடு". இவற்றுக்கு மட்டும் ஏன் தனி உருவம்? அழுக்கு அப்பினாலும், பனி மூடினாலும், பின்பக்கத்திலிருந்து பார்த்தாலும் வெளிவடிவத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம். நான்கு வழிச் சந்திப்பில், பக்கத்துச் சாலைக்காரர் நிற்க வேண்டியவரா என்பதை அவர் பலகையின் முதுகைப் பார்த்தே சொல்லிவிடலாம். இந்தப் பலகைக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1915-இல் டெட்ராய்ட்டில் முதலில் வைத்தது வெள்ளைப் பலகையில் கறுப்பு எழுத்து. எண்கோணம் 1923-இல் வந்தது. வெகுகாலம் மஞ்சளாகவே இருந்தது, வெயிலில் வெளுக்காத சிவப்பு கிடைக்காததால். அமெரிக்காவில் அதிகாரபூர்வமாகச் சிவப்பானது 1954-இல். இதையெல்லாம் தேர்வில் கேட்க மாட்டார்கள். ஆனால் கதை தெரிந்த பலகை மறப்பதில்லை.

தேர்வில் ஆளைக் கவிழ்ப்பவை இரட்டைப் பிள்ளைகள்தான். சிவப்பு வளையமிட்ட நீல வட்டத்தில் ஒற்றைச் சிவப்புக் குறுக்குக்கோடு என்றால் வாகனத்தை நிறுத்திவைக்கத் தடை. அதே வட்டத்தில் பெருக்கல் குறிபோல் இரண்டு கோடு என்றால் ஒரு கணம் நிற்பதற்கே தடை. சிவப்பு வட்டத்தில் வெள்ளைப் பட்டை நுழையத் தடை. சிவப்பு வளையத்துக்குள் ஒன்றுமே இல்லாத வெறும் வெள்ளை என்றால் எந்தத் திசையிலிருந்தும் வாகனம் வரக் கூடாது. குறுகிய பாலத்தில் யாருக்கு முன்னுரிமை என்று சொல்லும் இரட்டை அம்புப் பலகை இன்னும் மோசம். அங்கே ஒரே ஒரு சூத்திரம்: சிவப்பு அம்பு யாருடையதோ அவர் காத்திருக்க வேண்டும். மேல்நோக்கிய அம்பு நீங்கள், கீழ்நோக்கியது எதிரே வருகிறவர்.

இரட்டைகளை ஒன்றாக வைத்துத்தான் படிக்க வேண்டும். கையேட்டில் தடைப் பலகைகள் எல்லாம் ஒரு பக்கம், எச்சரிக்கைகள் ஒரு பக்கம் என்று இருக்கும். அந்த வரிசையிலேயே படித்தால் "இது தடைப் பக்கம், ஆகவே தடை" என்று பக்கம் உங்களுக்கு விடை சொல்லிக் கொடுத்துவிடும். தேர்வு அறையில் பக்கம் கிடையாது. 2008-இல் நேட் கார்னெல், ராபர்ட் பியார்க் இருவரும் ஓவியர்களின் பாணியை அடையாளம் காணச் சொல்லிச் சோதித்தார்கள். ஒருவரின் ஓவியங்களையே தொடர்ந்து பார்த்ததைவிட, பலருடையதையும் கலந்து பார்த்தபோதுதான் பாணி நன்றாகப் பிடிபட்டது. வேடிக்கை என்னவென்றால், கலந்து படித்து நன்றாகச் செய்தவர்களிலேயே பலர் வரிசையாகப் படித்ததுதான் உதவியது என்று நம்பினார்கள். ஆகவே பலகைகளைச் சிறு அட்டைகளில் வரைந்து, சீட்டுக்கட்டுபோல் கலைத்துவிட்டுப் பாருங்கள். முன்பக்கம் படம், பின்பக்கம் பொருள். சரியாகச் சொன்ன அட்டையை மூன்று நாள் கழித்துப் பார்க்கும் கட்டில் போடுங்கள், தவறிய அட்டை நாளைக்கே வரவேண்டிய கட்டுக்குப் போகட்டும். 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் என்ற பத்திரிகையாளர் பிரபலப்படுத்திய முறை இது. அட்டைகளை வாங்காதீர்கள், நீங்களே வரையுங்கள். கோணல்மாணலாக வந்தாலும் பரவாயில்லை. வரையும்போதுதான் கோடு ஒன்றா இரண்டா என்று கண் பார்க்கும்.

எண்கள் அடுத்த கண்டம். வேக வரம்பு, மதுவின் அளவு, சந்திப்பிலிருந்து எத்தனை மீட்டரில் நிறுத்தலாம் என்பவற்றுக்கெல்லாம் காரணம் தேடிப் பயனில்லை. அட்டையில் எழுதி உருப்போட வேண்டியதுதான். ஆனால் நிறுத்தும் தூரம் அப்படி அல்ல. அதை அட்டவணையாக மனப்பாடம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பாவமாக இருக்கும், ஏனென்றால் அது கணக்கு.

ஆபத்து கண்ணில் பட்டுக் கால் பிரேக்குக்குப் போகும்வரை வண்டி அதே வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் போனால் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 14 மீட்டர். அது எதிர்வினைத் தூரம். பிரேக் பிடித்த பிறகு வண்டி நிற்கும்வரை ஓடுவது பிரேக் தூரம். ஜெர்மன் ஓட்டுநர் பள்ளிகளில் ஒரு தோராயக் கணக்கு சொல்லித் தருவார்கள். வேகத்தைப் பத்தால் வகுத்துக்கொள். அதை மூன்றால் பெருக்கினால் எதிர்வினைத் தூரம். அதை அதனாலேயே பெருக்கினால் பிரேக் தூரம். 50-இல் போனால் 5. எதிர்வினைக்கு 15 மீட்டர், பிரேக்குக்கு 25, மொத்தம் 40. 100-இல் போனால் 10. எதிர்வினைக்கு 30, பிரேக்குக்கு 100, மொத்தம் 130. வேகம் இரண்டு மடங்கானதும் எதிர்வினைத் தூரம் இரண்டு மடங்குதான் ஆனது, பிரேக் தூரம் நான்கு மடங்காகிவிட்டது. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது, அத்தனையையும் பிரேக்தான் தின்றாக வேண்டும்.

பிரிட்டிஷ் கையேட்டின் அட்டவணையை எடுத்தால் எண்கள் வேறு. 30 மைலில் 9 கூட்டல் 14, மொத்தம் 23 மீட்டர். 60 மைலில் 18 கூட்டல் 55, மொத்தம் 73. அவர்கள் எடுத்துக்கொண்ட எதிர்வினை நேரமும் பிரேக் பலமும் வேறு. ஆனால் 9 எப்படி 18 ஆனது, 14 எப்படி 55 ஆனது என்று பாருங்கள். அதே இரண்டு மடங்கு, அதே நான்கு மடங்கு. எண்ணை உங்கள் கையேட்டிலிருந்து எடுங்கள், காரணத்தை இந்தக் கணக்கிலிருந்து எடுங்கள். காரணம் தெரிந்துவிட்டால் ஒரு கூட்டம் கேள்விகள் தானாக விழும். தூக்கக் கலக்கத்தில் எந்தத் தூரம் கூடும்? எதிர்வினைத் தூரம். தேய்ந்த டயரில்? பிரேக் தூரம். மது? முதன்மையாக எதிர்வினை. மழை? பிரேக். முன்வண்டியோடு விடவேண்டிய இடைவெளியை 2 நொடி என்று சில கையேடுகள் சொல்லும், 3 நொடி என்று சில சொல்லும். ஈரத்தில் அது ஏன் கூட வேண்டும் என்பதை இனி யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சந்திப்பில் யார் முதலில் போவது என்ற கேள்விகளைக் கண்ணால் படித்துத் தீர்க்க முயலாதீர்கள். ஒரு தாளில் நான்கு சாலை வரைந்து, நான்கு தீப்பெட்டிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மேலும் அது எந்தப் பக்கம் திரும்பப் போகிறது என்று அம்பு போடுங்கள். அப்புறம் ஒவ்வொரு தீப்பெட்டிக்குள்ளும் நீங்கள் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, அங்கிருந்து யாருக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். தாளைத் திருப்பி வைத்து மறுபடி சொல்லுங்கள். படம் மேலிருந்து பார்த்ததாக இருக்கும், கேள்வியோ ஓட்டுநர் இருக்கையிலிருந்து கேட்கும். நிறையப் பேருக்கு விதி தெரியும், இடமும் வலமும்தான் தடுமாறும். ரவுண்டானாவுக்கும் இதே தீப்பெட்டிதான். ஜெர்மனியில் தவறான விடைக்கு விழும் தண்டப் புள்ளி கேள்விக்குக் கேள்வி மாறும். மொத்தம் 30 கேள்விகள், 10 புள்ளிக்கு மேல் போனால் தோல்வி, ஐந்து புள்ளிக் கேள்வி இரண்டு தவறினாலும் தோல்வி. ஐந்து புள்ளிக் கேள்விகளில் முன்னுரிமை விதிகளே அதிகம் வரும். உங்கள் தேர்வில் எல்லாக் கேள்விக்கும் ஒரே மார்க்காக இருந்தாலும் இந்தப் பாடத்துக்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். சாலையில் விலை அதிகமான தவறு இதுதான்.

முதலுதவி, வண்டியின் பாகங்கள், ஆவணங்கள் பற்றிய கேள்விகளை ஒரு மாலையில் முடித்துவிடலாம். அவசர நிலைக் கேள்விகளில் ஒரு பொதுச் சரடு உண்டு: திடீரென்று எதையும் செய்யாதே. டயர் வெடித்தால் ஸ்டீயரிங்கை இறுகப் பிடி, பிரேக்கை ஓங்கி மிதிக்காதே, வேகத்தைத் தானாகக் குறைய விடு. தேங்கிய நீரில் டயர் மிதக்க ஆரம்பித்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடு. போதைக் கேள்விகளில் "கடுங்காபி குடித்தால் தெளியும்", "குளித்தால் தெளியும்" என்று வரும் விடைகள் எல்லாம் பொறி. நேரம் ஒன்றுதான் போதையை இறக்கும்.

இன்னொரு வகை ஆட்களைப் பற்றிச் சொல்ல வேண்டும், நீங்கள் அந்த வகையா என்று தெரியவில்லை. ஏற்கெனவே வருடக்கணக்காக வண்டி ஓட்டியவர்கள். இவர்கள்தான் அதிகம் கோபப்படுவார்கள். "எனக்கா சாலை தெரியாது?" சாலை தெரியும், அதுதான் சிக்கலே. மஞ்சள் விளக்கு எரிகிறது, நீங்கள் நிறுத்தக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்கிறீர்கள், என்ன செய்வீர்கள்? சாலையில் எல்லாரும் செய்வது வேகத்தைக் கூட்டிக் கடப்பது. தேர்வு கேட்பது விதி: பாதுகாப்பாக நிற்க முடியும் என்றால் கோட்டுக்கு முன்னால் நில். இவர்களுக்கு நான் சொல்வது, கேள்வியில் "நீங்கள்" என்று வரும் இடத்தில் "கண்டிப்பான ஓர் அதிகாரி பக்கத்து இருக்கையில் இருக்க, நீங்கள்" என்று சேர்த்துப் படியுங்கள். பாதித் தவறு போய்விடும்.

கேள்வியின் மொழி ஒரு தனிப் பாடம். "கூடாது" என்றால் தடை. "தேவையில்லை" என்றால் செய்யலாம், கட்டாயமில்லை. "வேண்டும்" என்பதற்கும் "நல்லது" என்பதற்கும் இடையில் சட்டமே இருக்கிறது. பிரிட்டிஷ் கையேட்டில் சட்டப்படி கட்டாயமானவற்றுக்கு ஒரு சொல், அறிவுரைகளுக்கு வேறொரு சொல் என்று பிரித்தே எழுதியிருப்பார்கள். "முதலில் என்ன செய்வீர்கள்" என்ற கேள்வியில் நான்கு விடையும் சரியான செயல்களாகவே இருக்கலாம், வரிசையைத்தான் கேட்கிறார்கள். பெரும்பாலும் கண்ணாடியில் பார்ப்பது இண்டிகேட்டருக்கு முன்னால் வரும். "எப்போதும்", "ஒருபோதும்", "எந்த நிலையிலும்" என்று வரும் விடைகளைச் சந்தேகத்தோடு பாருங்கள், ஆனால் உடனே ஒதுக்கிவிடாதீர்கள். ரயில் கடவைக் கேள்விகளில் "ஒருபோதும்" என்பதே சரியாக இருப்பதுண்டு.

தமிழில் எழுதப் போகிறீர்கள் என்றால் கூடுதலாக ஒன்று. வாயில் வருவது ஓவர்டேக், கேள்வித்தாளில் இருப்பது "முந்திச் செல்லுதல்". ஹெட்லைட் "முகப்பு விளக்கு" ஆகியிருக்கும். ஜீப்ரா கிராசிங் "பாதசாரிகள் கடக்குமிடம்" ஆகியிருக்கும். ஆப் ஆங்கிலத்தில், யூடியூப் விளக்கம் பேச்சுத் தமிழில், தேர்வு மட்டும் அரசு நடைத் தமிழில் என்றால் அறையில் உட்கார்ந்து மொழிபெயர்ப்பு செய்துகொண்டிருப்பீர்கள். எந்த மொழியில் எழுதுகிறீர்களோ அந்த மொழிக் கையேட்டில் ஒரு தடவையாவது முழுதும் போய், தெரியாத சொற்களைத் தவறு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். எந்த மொழி என்று தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால், நீங்கள் படிக்கும்போது உதடு அசையாத மொழியை எடுங்கள், பெருமைக்காக எதையும் எடுக்காதீர்கள்.

கையேடு எந்த ஆண்டுடையது, எந்த நாட்டுடையது என்பதையும் பாருங்கள். இதைச் சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பழைய பிடிஎஃப்பை வைத்துப் படித்து வருகிறவர்களைப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன். இந்தியாவில் 1989-இன் சாலை விதிகளுக்குப் பதிலாக 2017-இல் புதிய ஒழுங்குமுறைகள் வந்தன. பிரிட்டனில் 2022 ஜனவரியில், சந்திப்பில் கடக்கக் காத்திருக்கும் பாதசாரிக்கு, திரும்பும் வண்டி வழிவிட வேண்டும் என்று மாற்றினார்கள். நாடு மாறினால் இன்னும் மோசம். 100 மில்லி ரத்தத்தில் மதுவின் வரம்பு இந்தியாவில் 30 மில்லிகிராம், இங்கிலாந்தில் 80, ஸ்காட்லாந்தில் 50. ஸ்டோரில் "டிரைவிங் டெஸ்ட்" என்று தேடியதும் முதலில் வந்த ஆப்பை இறக்கியிருந்தால் அது யாருடைய ஆப் என்று இன்றைக்கே பாருங்கள்.

இரண்டு வாரத்தை எப்படிப் பிரிப்பது? முதல் நாள் எதையும் படிக்காமல், கையால் விடையை மூடும் முறையில் ஒரு மாதிரித் தேர்வு. அதிலிருந்து தவறு நோட்டு பிறக்கும். அடுத்த எட்டு ஒன்பது நாள் காலையில் அரை மணி, இரவில் அரை மணி. ஞாயிற்றுக்கிழமை ஆறு மணி நேரம் மொத்தமாக உட்கார்ந்தால் ஆகும் என்று நினைக்காதீர்கள். 1885-லேயே ஹெர்மன் எபிங்ஹாஸ் தன்னையே வைத்துச் சோதித்து, ஒரே மூச்சில் திணித்ததைவிட நாள்களில் பரப்பிப் படித்தது நிற்கிறது என்று எழுதிவிட்டார். காலை அரை மணியில் அட்டைக் கட்டு, இரவு அரை மணியில் கையேட்டின் ஒரு பகுதி. படித்து முடித்ததும் மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நினைவுக்கு வந்ததை எழுதுங்கள், அப்புறம் திறந்து விட்டதைச் சிவப்பில் சேருங்கள். நடுவில் பஸ்ஸிலோ பின்சீட்டிலோ போகும்போது கண்ணில் படும் பலகை, கோடு எல்லாவற்றையும் மனதுக்குள் சொல்லிக்கொண்டே போங்கள். சாலை நடுவில் தொடர்ந்த கோடா, விட்டுவிட்ட கோடா? நம் ஓட்டுநர் இப்போது முந்தியது சரியா? அவரிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம்.

கடைசி நான்கு நாளில் மட்டும், இதுவரை தொடாத வேறொரு கேள்வித் தொகுப்பில் நேரம் வைத்து முழுத் தேர்வு. தேர்ச்சி மார்க்குக்குக் கொஞ்சம் மேலே வருவது போதாது, பதற்றத்துக்கென்று இரண்டு மூன்று மார்க் உபரி வைத்துக்கொள்ளுங்கள். பிரிட்டனில் 50-க்கு 43 எடுக்க வேண்டும், வீட்டில் 43 வருகிறவர் அங்கே 41 எடுப்பார்.

தேர்வு அறையில் நேரம் பொதுவாகப் பிரச்சினை இல்லை. 50 கேள்விக்கு 57 நிமிடம் என்றால் ஒன்றுக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கிறது. அவசரப்பட்டு முதலில் எழுந்து போகிறவருக்குக் கூடுதல் மார்க் யாரும் போடுவதில்லை. திரையில் திரும்பிப் போகும் வசதி இருந்தால், தெரிந்ததை முடித்துவிட்டுச் சந்தேகமானதற்கு வாருங்கள். முதலில் தோன்றியதை மாற்றாதே என்று ஆளுக்கு ஆள் சொல்வார்கள். அதைக் கேட்காதீர்கள். ஜஸ்டின் க்ரூகரும் கூட்டாளிகளும் 2005-இல் மாணவர்களின் விடைத்தாள்களில் அழித்து எழுதிய இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். சுமார் பாதி மாற்றங்கள் தவறிலிருந்து சரிக்குப் போயிருந்தன. சரியிலிருந்து தவறுக்குப் போனது கால்வாசிதான். கேள்வியில் ஏதோ ஒரு சொல்லைத் தவறவிட்டது இப்போது தெரிகிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். வெறும் பயத்தினால் மாற்றத் தோன்றினால் விட்டுவிடுங்கள்.

முந்தின இரவு புதிதாக எதையும் திறக்காதீர்கள். தவறு நோட்டை மட்டும் ஒரு தடவை புரட்டிவிட்டுத் தூங்குங்கள். காலையில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தில் நிற்கிறவர் "இது என்ன விடை, அது என்ன விடை" என்று கேட்டுப் பீதியைக் கிளப்புவார், சிரித்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர் என்றால் அதையும் மறக்காதீர்கள், சில இடங்களில் அதே நாளில் பார்வையையும் சோதித்துவிடுவார்கள்.